வில்லியம் ஹாமில்டன்

சர் சார்ல்ஸ் வில்லியம் ஃபீல்டன் ஹாமில்டன் (சூலை 26, 1899 - மார்ச் 30, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த பண்ணையாளரும் பொறியாளரும் ஆவார். பில் ஹாமில்டன் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். தாரைப் படகு அல்லது ஜெட் படகு என்று வழங்கப்படும் விசைப்படகின் இன்றைய வடிவம் இவருடைய பட்டறையில் உருவானது. உந்துவிசிறி ஏதும் அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிராமல், நீரை உள்ளிழுத்துப் பின்புறமாகப் பீய்ச்சி அடிப்பதன் மூலம் முன்னேறும் இப்படகு, முழங்கால் அளவுக்கும் குறைவான நீரிலும் விரைந்து செல்லக்கூடியது. 1977ஆம் ஆண்டு எட்மண்ட் ஹில்லரி கங்கை ஆற்றின் கழிமுகத்திலிருந்து இமயமலை அடிவாரம் கடந்து மேற்கொண்ட பயணத்துக்குப் பயன்பட்டவை ஹாமில்டன் நிறுவனத்தின் தாரைப் படகுகளே. இதனால் இந்திய ஆறுகளின் வரலாற்றிலும் இவர் பெயருக்கு இடமுண்டு.

இளமை

ஹாமில்டன் நியூசிலாந்தின் தென் தீவில், தெற்குக் கேன்டர்பரிப் பகுதியிலுள்ள ஃபேர்லி என்னும் ஊருக்கு அருகில் அமைந்த அஷ்விக் பண்ணையில் பிறந்தார். குடும்பத் தொழில் செம்மறி ஆடு வளர்ப்பு. கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கிறைஸ்ட் கல்லூரி என்னும் பள்ளியில் பயின்றார். பொறியியலில் பட்டம் எதுவும் பெறவில்லை. கருவிகளைப் பிரித்துப் பார்த்தும், தேவைப்பட்டதைத் தாமே செய்து பார்த்துமே தொழிலைக் கற்றார். அக்காலத்தில் தொலைதூரப் பண்ணைகளில் ஒரு பொறி பழுதானால் அதைச் சரிசெய்யும் ஆள் நகரத்திலிருந்து வந்து சேரப் பல நாட்கள் ஆகும். எனவே பண்ணையாளர்களே கொல்லராகவும் தச்சராகவும் மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருந்தது. ஹாமில்டனின் பிற்கால வேலை முழுவதிலும் இந்தப் பழக்கத்தின் தடத்தைக் காணலாம்.

ஐரிஷ்மன் கிரீக் பண்ணை

1921ஆம் ஆண்டில், தமது இருபதுகளின் தொடக்கத்தில், மெக்கன்சி வடிநிலத்திலுள்ள ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப் பண்ணையை ஹாமில்டன் வாங்கினார். இது மலைகளால் சூழப்பட்ட, குளிர் மிகுந்த, ஆளரவம் குறைந்த உயர்நிலப் பகுதி. பெக்கி என்று அழைக்கப்பட்ட இங்கிலாந்துப் பெண்மணியை மணந்து அவருடன் இங்கே குடியேறினார். பெக்கி ஹாமில்டன் பின்னாளில் கணவரின் வாழ்க்கையை 'வைல்டு ஐரிஷ்மன்' என்ற தலைப்பில் நூலாக எழுதி 1969இல் வெளியிட்டார். அப்பகுதியில் வளரும் ஒரு முட்செடிக்கும் அதுவே பெயர் என்பது குறிப்பிடத்தக்கது.

பண்ணைக்கு மின்சாரம் இல்லாததால், ஓடை ஒன்றை மறித்து அணை கட்டி, நீர்மின்சாரம் எடுக்க ஹாமில்டன் முடிவு செய்தார். அணைக்கான மண்ணைக் கூலியாட்களைக் கொண்டு வெட்டிக் கொட்டுவது பெருஞ்செலவாகும் என்பதால், மண்ணை வாரி எடுத்துச் செல்லும் கருவி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். அணை முடிந்தது, மின்சாரமும் வந்தது. அதைவிட முக்கியமாக, மண்வாரிக் கருவிக்கு வாங்குவோர் கிடைத்தனர். அதன் விளைவாகப் பண்ணைக் கொட்டகையில் ஒரு பட்டறை உருவானது. 1939ஆம் ஆண்டில் அது சி. டபிள்யூ. எஃப். ஹாமில்டன் என்ற பெயரில் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இப்பட்டறை போர்த் தளவாடங்களுக்கான பொருட்களைச் செய்து கொடுத்தது. போருக்குப் பின் தொழிற்சாலை கிறைஸ்ட்சர்ச் நகரின் மிடில்டன் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மண் அகழும் இயந்திரங்கள் அங்கே தயாராயின. குவீன்ஸ்டவுன் அருகே உள்ள கொரனட் சிகரத்தில் 1947இல் தொடங்கிய பனிச்சறுக்குத் தளத்துக்கு, சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் கயிற்றிழுவை அமைப்பையும் ஹாமில்டன் செய்து கொடுத்தார்.

மோட்டார் பந்தயம்

வேகத்தில் ஹாமில்டனுக்கு இளமையிலேயே ஈடுபாடு இருந்தது. 1920களில் சன்பீம் வகைப் பந்தயக் கார் ஒன்றை வாங்கி, நியூசிலாந்தின் முரிவாய் கடற்கரை மணலில் நடைபெற்ற பந்தயங்களில் பங்கேற்றார். 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் பென்ட்லி காரை ஓட்டி வெற்றி பெற்றார். பொறியின் ஒவ்வொரு குதிரைத்திறனையும் வீணாக்காமல் வெளிக்கொணர்வது எப்படி என்ற கேள்வி அவருக்குப் பந்தய நாட்களிலேயே பழக்கமாகிவிட்டது எனலாம்.

ஆழமற்ற நீர் என்னும் சிக்கல்

மெக்கன்சி பகுதியின் ஆறுகள் பனிமலைகளிலிருந்து இறங்கி வருபவை. அகன்ற கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும், பின்னிய கூந்தலைப் போல ஓடுகின்றன. ஓட்டம் கடுமையானது, ஆழமோ பல இடங்களில் ஒரு சாணுக்கு மேல் இராது. மறு வெள்ளத்தில் வாய்க்கால் வேறிடம் மாறிவிடும். இத்தகைய ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து மேலே செல்லும் படகு வேண்டும் என்பது ஹாமில்டனின் நெடுநாள் விருப்பம்.

சாதாரண விசைப்படகில் உந்துவிசிறி, அதாவது புரொப்பெல்லர், படகின் அடிமட்டத்துக்குக் கீழே சுழல்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அது கல்லில் மோதி உடையும் அல்லது மணலில் புதைந்து நிற்கும். இச்சிக்கல் நியூசிலாந்துக்கு மட்டும் உரியதன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. இருளர் இனப் பெண்கள் நீருக்குள் அமர்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கும் அளவுக்கு அது ஆழம் குறைந்தது. கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகள் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் பருவத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போவதே வழி. ஹாமில்டன் எதிர்கொண்ட கேள்வியும் இதுதான்: நீருக்குக் கீழே எதையும் நீட்டாமல் படகை உந்துவது எப்படி?

முன்னோடிகள்

நீரைப் பீய்ச்சிப் படகைச் செலுத்தும் எண்ணம் ஹாமில்டனுக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தில் டூகுட், ஹேய்ஸ் ஆகிய இருவர் 1661இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அமெரிக்கரான ஜேம்ஸ் ரம்சி 1787இல் போட்டோமாக் ஆற்றில் நீராவி எக்கியால் நீரைப் பின்தள்ளிச் செல்லும் படகை ஓட்டிக் காட்டினார். இத்தாலியரான செக்கோண்டோ காம்பினி 1931இல் வெனிசு நகரில் ஒரு தாரைப் படகைக் காட்சிப்படுத்தினார். எனினும் இவற்றுள் எதுவும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தாரை உந்துமுறையைத் தாம் கண்டுபிடித்ததாக ஹாமில்டன் ஒருபோதும் உரிமை கொண்டாடவில்லை. நீரை மேலேற்றும் திருகைப் பற்றிக் கூறிய பண்டைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசுக்கே அப்பெருமை உரியது என்று அவர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. நடைமுறையில் செயல்படாதிருந்த ஒரு கருத்தைச் செயல்பட வைத்ததே அவருடைய பங்களிப்பு.

தாரைப் படகின் உருவாக்கம்

1950களின் தொடக்கத்தில் ஹாமில்டன் ஹான்லி ஹைட்ரோஜெட் என்னும் அமெரிக்க உந்துபொறியை ஆராய்ந்தார். அது படகின் அடியிலிருந்து நீரை இழுத்து, அடிப்பகுதிக்குக் கீழே திரும்பக்கூடிய ஒரு குழாய்முனை வழியாக வெளியேற்றியது. இதே முறையில் செய்த முதல் படகு மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தை மட்டுமே எட்டியது. ஹாமில்டன் ஏற விரும்பிய ஆறுகளின் ஓட்டத்தை எதிர்க்க இது போதாது.

1954ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் நிலைமையைத் திருப்பியது. நீர் வெளியேறும் முனையைப் படகின் அடியிலிருந்து எடுத்து, பின்பலகை வழியாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தனர். இம்மாற்றத்தை முன்மொழிந்தவர் பட்டறையின் பணியாளர் ஒருவர் என்று கூறப்படுகிறது. இதன்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டராக உயர்ந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் நீங்கியதால் நீரின் தடை குறைந்தது. அதே நேரத்தில் கல்லில் மோத ஒன்றும் இல்லாமற்போனது.

தொடக்ககால உந்திகளில் மையவிலக்கு எக்கி பயன்பட்டது. அதில் நீர் செங்குத்தாகத் திரும்பிச் செல்ல வேண்டியிருந்ததால் ஆற்றல் வீணானது. 1950களின் பிற்பகுதியில் நீர் நேராகவே பாய்ந்து செல்லும் அச்சுப்பாய்வு எக்கிக்கு மாறினர். தமது உந்திகளுக்குக் குவின்னாட், ரெயின்போ, சினூக் என ஆற்று மீன்களின் பெயர்களையே ஹாமில்டன் நிறுவனம் வைத்தது. இவற்றுள் சினூக் உந்தி இரண்டு கட்ட அச்சுப்பாய்வு எக்கியைக் கொண்டது. வடிவமைப்பிலும் சோதனை ஓட்டங்களிலும் மகன் யோன் ஹாமில்டன் பெரும்பங்கு ஆற்றினார்.

இயங்கும் முறை

கணவாய் தன் உடலுக்குள் நீரை இழுத்து, ஒரு சிறு குழல் வழியாகப் பீய்ச்சி எதிர்த்திசையில் பாய்கிறது. தாரைப் படகும் இதே விதியின்படி இயங்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, நீரைப் பின்னோக்கித் தள்ளும் விசைக்குச் சமமான விசை படகை முன்னோக்கித் தள்ளுகிறது. வெளியேறும் தாரை பின்னாலுள்ள நீரின் மீது மோதித் தள்ளுவதால் படகு நகர்வதாகக் கருதுவது தவறு. நீரை எக்கிக்குள் முடுக்கும்போதே உந்துவிசை தோன்றிவிடுகிறது. எனவே தாரை காற்றில் பாய்ந்தாலும் விசை குறைவதில்லை. குழாய்முனையை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க முடிந்தது இதனால்தான்.

ஒரு தாரை உந்தியின் முக்கிய உறுப்புகள் வருமாறு:

உறிஞ்சுவாய்: படகின் அடியில், அடிமட்டத்தோடு சமமாக அமைந்த திறப்பு. கல்லும் செடியும் நுழையாதவாறு கம்பிச் சட்டம் பொருத்தப்பட்டிருக்கும்.

இம்பெல்லர்: எஞ்சினின் தண்டோடு இணைந்து, குழாய்க்குள் சுழலும் சக்கரம். நீருக்கு வேகமும் அழுத்தமும் தருவது இதுவே.

நிலைத்தகடுகள்: இம்பெல்லரைக் கடந்த நீர் சுழன்றுகொண்டே வரும். அச்சுழற்சியை நேராக்கி முழு ஆற்றலையும் பின்னோக்கித் திருப்புபவை இத்தகடுகள்.

தாரைமுனை: குறுகிச் செல்லும் வாய். நீரின் அழுத்தம் இங்கே வேகமாக மாறுகிறது. இம்முனை இடமோ வலமோ திரும்பும்போது படகும் திரும்புகிறது. எனவே தனிச் சுக்கான் தேவையில்லை.

பின்செலுத்தும் மூடி: தாரையின் மேல் இறங்கி, அதை முன்னோக்கி வளைக்கும் கவிகை. எஞ்சினின் சுழற்சியை மாற்றாமலே படகைப் பின்னால் செலுத்தவும், விரைவில் நிறுத்தவும் இது உதவுகிறது.

தாரையைச் சட்டெனத் திருப்பினால் படகு தன் நீளத்துக்குள்ளேயே சுழன்று எதிர்த்திசை நோக்கி நிற்கும். இது ஹாமில்டன் சுழற்சி என்று அழைக்கப்படுகிறது. ஆனால் திசை திருப்புவது தாரையே என்பதால், எஞ்சினை முற்றிலும் தணித்தால் படகைத் திருப்பவும் இயலாது. புதிதாக ஓட்டுபவர்கள் தடையைக் கண்டதும் விசையைக் குறைத்து, திருப்ப முடியாமல் அதன் மீதே மோதுவது இதனால் நேர்கிறது. தடையைத் தவிர்க்கப் போதிய விசையைத் தக்கவைத்துக்கொண்டே திருப்ப வேண்டும் என்பது இப்படகின் முதல் பாடம்.

பழுதும் பராமரிப்பும்

விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படும் சிறிய தாரைப் படகுகளும், பெரிய ரோந்துப் படகுகளும் அடிப்படையில் ஒரே அமைப்பைக் கொண்டவை. ஆதலால் அவற்றின் பழுதுகளும் பெரும்பாலும் ஒரே வகையின.

இம்பெல்லரின் விளிம்புக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. மணல் கலந்த நீர் ஓயாது அரைப்பதால் இவ்விடைவெளி நாளடைவில் அகலுகிறது. அப்போது நீரில் ஒரு பகுதி பின்னோக்கிக் கசிந்து, எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் படகு மெதுவாகவே செல்கிறது. தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே அவ்வளையம் தனியே கழற்றி மாற்றத்தக்கதாகச் செய்யப்படுகிறது. முழு உந்தியையும் மாற்றுவதைவிட வளையத்தை மாற்றி, இம்பெல்லரின் விளிம்பைச் சீர்செய்வது செலவு குறைந்த வழி.

உறிஞ்சுவாயில் செடியோ பாலித்தீன் பையோ அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறி தோன்றும். ஆனால் தேய்மானம் மெல்ல மெல்லத் தெரியவரும்; அடைப்போ திடீரெனத் தெரியும். கடும் அதிர்வு இருந்தால் கல் சிக்கியிருக்கலாம் அல்லது இம்பெல்லரின் தகடு வளைந்திருக்கலாம். படகின் உட்பகுதியில் நீர் சேர்ந்தால் தண்டு நுழையுமிடத்தில் உள்ள சீலைப் பார்க்க வேண்டும். பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் உந்தியிலிருந்தே எடுக்கப்படுவதால், மணல் அடைத்தால் எஞ்சின் சூடேறும்.

அடைப்பை நீக்குவதற்கு உந்தியின் மேற்பகுதியில், நீர்மட்டத்துக்கு மேலே திறக்கும் மூடி ஒன்று பல வகைகளில் உண்டு. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே அதைத் திறந்து கையை உள்ளே விட வேண்டும். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சுவாயின் அருகே நீந்துவதும், தளர்ந்த ஆடையும் கயிறும் நீரில் தொங்க விடுவதும் ஆபத்தானவை.

உவர்நீரில் ஓடும் படகுக்குக் கூடுதல் கவனம் தேவை. உந்தியின் உடல் பெரும்பாலும் அலுமினியத்தாலும் இம்பெல்லர் துருப்பிடிக்கா உருக்காலும் ஆனவை. வேறுபட்ட இரு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இதைத் தடுக்க, தானே அரிபட்டு மற்றதைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவை பாதியளவு கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நன்னீரால் கழுவுவது நல்லது. நீரிலேயே நிறுத்தி வைக்கப்படும் படகின் உறிஞ்சுகுழாயில் கொட்டலசும் பாசியும் படியும். மெல்லிய படிவுகூட நீரோட்டத்தைக் கலைத்து வேகத்தைக் குறைத்துவிடும்.

கொலராடோ ஆற்றுப் பயணம்

தாரைப் படகின் ஆற்றலை உலகம் ஏற்க வைத்தது 1960ஆம் ஆண்டின் கொலராடோ பயணம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அதற்கு முன்னர் ஆற்றின் போக்கில் கீழே இறங்கிய படகுகள் இருந்தன. ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறிய படகு ஒன்றும் இல்லை. ஹாமில்டன் படகுகள் அதைச் செய்யும் என்ற அறிவிப்பை அங்கிருந்த செய்தித்தாள்கள் நம்பவில்லை. யோன் ஹாமில்டன் முதலியோர் ஓட்டிய படகுகள் முதலில் கீழே இறங்கி, பின் பெரும் கொந்தளிப்புகளைக் கடந்து பள்ளத்தாக்கின் வழியே மேலேறின. ஒரு படகு நீரில் மூழ்கியது. மற்ற மூன்றும் பயணத்தை முடித்தன. அதன்பின் இத்தகைய மேலேற்றப் பயணங்கள் அங்கே அனுமதிக்கப்படாததால், அதைச் செய்த படகுகள் இவை மட்டுமே. நிறுவனத்தின் அடுத்த உந்தி வரிசைக்குக் கொலராடோ என்றே பெயரிடப்பட்டது.

இதே காலத்தில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் நகரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தாரைப் படகுச் சேவைகள் தொடங்கின. பண்ணையாளர் ஒருவரின் தேவைக்காகப் பிறந்த படகு அந்நாட்டின் சுற்றுலாவின் அடையாளங்களுள் ஒன்றாக மாறியது.

இமயமும் கங்கையும்

எவரெஸ்ட் சிகரத்தில் 1953இல் டென்சிங் நோர்கேயுடன் ஏறிய எட்மண்ட் ஹில்லரியும் நியூசிலாந்துக்காரர். 1968ஆம் ஆண்டில் அவர் நேபாளத்தின் சுன் கோசி ஆற்றில் ஹாமில்டன் தாரைப் படகுகளில் மேல்நோக்கிப் பயணம் செய்தார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, கங்கையைக் கடலிலிருந்து தொடங்கி இயன்றவரை மேலேறிச் செல்லும் திட்டம் உருவானது. கடலிலிருந்து வானம் வரை என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டனர்.

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பருவமழையால் கங்கை பெருகியிருந்த நாட்களில், கங்கா, கிவி, ஏர் இந்தியா என்று பெயரிடப்பட்ட மூன்று தாரைப் படகுகள் வங்காள விரிகுடாவில் கங்கை கலக்கும் பகுதியிலிருந்து புறப்பட்டன. குழுவில் ஹில்லரியின் மகன் பீட்டர், யோன் ஹாமில்டன், 1965ஆம் ஆண்டின் இந்திய எவரெஸ்ட் பயணத்தின் தலைவரான எம். எஸ். கோலி முதலியோர் இருந்தனர். படகுகள் சுந்தரவனம், கொல்கத்தா, பாட்னா, வாரணாசி, அலகாபாத், அரித்துவார், ரிஷிகேஷ் வழியாகச் சென்றன. கரையெங்கும் மக்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர். பலருக்கு அது விளையாட்டுப் பயணமாகத் தோன்றவில்லை. புனித யாத்திரையாகவே தோன்றியது.

ரிஷிகேஷுக்கு மேல் ஆறு மலை இடுக்குகளில் கொந்தளித்து இறங்குகிறது. தேவப்பிரயாகைக்கு மேல் அலக்நந்தாவில் ஏறிய படகுகள் செப்டம்பர் 29 அன்று நந்தப்பிரயாகையை அடைந்தன. அங்கே ஓர் அருவி வழியை அடைத்து நின்றது. அதைத் தாண்ட இயலாததால் படகுப் பயணம் அத்துடன் முடிந்தது. பின்னர் குழுவினர் நடந்து சென்று ஆகாசப் பர்வதம் என்னும் சிகரத்தில் ஏறினர். உயரத்தால் வந்த நோயினால் ஹில்லரி மட்டும் ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவரப்பட்டார். கங்கையில் படகுகள் கடந்த தொலைவு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். மணற்படுகை, கலங்கல் நீர், பாறை இடுக்கு ஆகிய மூன்றையும் ஒரே உந்துமுறை ஒரே பயணத்தில் சமாளித்ததை இது உலகுக்குக் காட்டியது. பயணம் முடிந்து ஆறு மாதங்களில் ஹாமில்டன் மறைந்தார்.

தமிழகக் காயல்களில் இதன் பொருத்தம்

ஆழமற்ற நீருக்கென்று பிறந்த இம்முறை பழவேற்காடு போன்ற காயல்களின் மீனவர்களிடம் பரவவில்லை. அதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. தாரை உந்தி உயர்ந்த வேகத்தில்தான் திறமையாக இயங்குகிறது. மெதுவாகச் சென்று வலை விரிக்கும் படகில் உந்துவிசிறியைவிட அதிக எரிபொருளைக் குடிக்கும். நைலான் வலையின் நூல் உறிஞ்சுவாய்க்குள் இழுக்கப்பட்டால் இம்பெல்லரின் தண்டில் சுற்றிக்கொள்ளும். விலையும் அதிகம்; உதிரிப் பாகங்கள் உள்ளூர்ப் பட்டறையில் கிடைப்பதில்லை. வெளியே தொங்கும் எஞ்சினை மணல் வரும்போது கையால் தூக்கிக்கொள்வது இவற்றைவிட எளிது. மேலும், பழவேற்காடு பூநாரைகள் முதலிய நீர்ப்பறவைகளின் புகலிடம் என்பதால், இரைச்சலுடன் விரையும் படகுகள் அங்கே பொருந்துவனவும் அல்ல.

ஆனால் மீட்புப் பணிக்கும் காவல் பணிக்கும் கணக்கு வேறு. வெள்ளத்தில் தத்தளிப்போரை நெருங்கும் படகின் அடியில் சுழலும் விசிறி இல்லாதிருப்பது உயிர்காக்கும் வசதியாகும். விரைந்து சென்று கரையோர ஆழமற்ற நீரில் நிற்க வேண்டிய ரோந்துக் கலங்களுக்கும் இது ஏற்றது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டுந்தளத்தில் கட்டப்பட்டு 2009 முதல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கார் நிக்கோபார் வகை விரைவுத் தாக்குதல் கலங்கள் ஒவ்வொன்றும் ஹாமில்டன் நிறுவனத்தின் மூன்று தாரை உந்திகளால் இயங்குகின்றன. ஒரு சாண் ஆழமுள்ள ஆற்றுக்காகச் செய்யப்பட்ட கருவி, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள போர்க்கலங்களை உந்தும் நிலைக்கு வளர்ந்திருப்பதை இது காட்டுகிறது.

சிறப்புகளும் மறைவும்

ஹாமில்டனுக்கு 1961இல் பிரித்தானியப் பேரரசின் ஓ. பி. இ. விருது வழங்கப்பட்டது. தொழில் உற்பத்திக்கு ஆற்றிய பணிக்காக 1974இல் சர் பட்டம் பெற்றார். 1978ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று, தமது 78ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் கிறைஸ்ட்சர்ச் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஹாமில்டன்ஜெட் என்ற பெயரில் தாரை உந்திகளைத் தயாரித்து உலக நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வருகிறது.

மதிப்பீடு

ஹாமில்டனின் பணியை மதிப்பிடும்போது இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, முந்நூறு ஆண்டுகளாகப் பலர் முயன்ற கருத்து பயனுக்கு வருவதற்கு, குழாய்முனையைச் சில அங்குலம் மேலே தூக்கும் மாற்றமே திருப்புமுனையாக அமைந்தது. அந்த மாற்றம் தனியொருவரின் சிந்தனையில் மட்டும் பிறக்கவில்லை. ஓர் ஆற்றங்கரையில் பணியாளர்களும் மகனும் சேர்ந்து, படகை மீண்டும் மீண்டும் நீரில் இறக்கிச் சோதித்ததன் பயன் அது. மற்றொன்று, அவர் தீர்த்த சிக்கல் அவருடைய சொந்த ஊரின் சிக்கல். ஆழமான துறைமுகங்களைக் கொண்ட நாடுகளின் பெரிய நிறுவனங்களுக்கு ஆழமற்ற ஆறு ஒரு பொருட்டாக இல்லை. அதன் கரையில் வாழ்ந்தவருக்கு மட்டுமே அது நாள்தோறும் கண்ணில் பட்ட கேள்வியாக இருந்தது. மணலால் தூரும் முகத்துவாரங்களையும் வற்றும் காயல்களையும் கொண்ட கடற்கரைகளின் மாணவர்களுக்கு இவ்வாழ்க்கை வரலாறு தரும் பாடம் இதுவே எனலாம்.